யாரும் துவைக்காத துணி

சொரிமுத்துவை முதலில் கெடுத்தவன் அவருடைய மச்சினன் அணஞ்சபெருமாள். இரண்டாவது கெடுத்தது ஒரு சொம்புத் தண்ணீர். மூன்றாவது கெடுத்தவர், ஒரு ஆள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்த பிறகும் வண்டியை நகர்த்திய டிரைவர். அவர் பெயர் தெரியாது, தெரிந்திருந்தால் அதுவும் இங்கே வந்திருக்கும். நத்தம்பாறையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம், இந்த வரிசையை சொரிமுத்து ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை.

நத்தம்பாறைப் பக்கத்தில், வீட்டை விட்டு இறங்குகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தூரமா என்றுதான் கேட்பார்கள். தூரம்தான் என்றோ பக்கம்தான் என்றோ சொல்லிவிட்டுப் போகிறவர் போவார், காரியமும் கெடாது, கேட்டவருக்கும் கேட்ட நிறைவு இருக்கும். எங்கே என்று கேட்டுவிட்டாலோ, கேட்ட அந்த நிமிசமே போகிற காரியம் பாதி செத்துவிடும். மீதியைப் பிழைக்க வைக்க வேண்டுமென்றால் திரும்பி வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, முதலிலிருந்து கிளம்பின மாதிரி கிளம்ப வேண்டும். நடை பழகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது.

சொரிமுத்துவுக்கு அப்போது மீசை கறுத்திருந்த வயது, உச்சிமாகாளியைக் கட்டி ஒரு பொங்கல்கூடக் கழியவில்லை. கண்டக்டர் வேலைக்கு நேர்காணலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் வருகிற முதல் பஸ்ஸை விட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. குளித்து, திருநீறு பூசி, வெளுத்த சட்டை போட்டு, வலது காலை எடுத்து வைத்து அவர் வாசலில் இறங்கிய நேரத்தில், தெருவின் கடைசி வீட்டிலிருந்து தலையில் எண்ணெய் வழிய வந்த அணஞ்சபெருமாள் வாயெல்லாம் பல்லாகக் கேட்டான்: “எங்க அத்தான் போறிய?”

அவனுக்கும் அதே நேர்காணல், அதே பஸ். எங்கே என்று தெரியாதவனா கேட்டான்?

சொரிமுத்து திரும்பினார். உட்கார்ந்தார். உச்சிமாகாளி சொம்பை நீட்டினாள். அவசரத்தில் குடித்தால் பலிக்காது என்பதால் அண்ணாந்து நிதானமாகக் குடித்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தபோது பஸ் புளியமரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது, படிக்கட்டில் தொத்திக்கொண்டு அணஞ்சபெருமாள் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கை கூப்பிட்டதா, வழியனுப்பியதா என்று ஊரில் இரண்டு பேச்சு உண்டு. சொரிமுத்துவுக்கு ஒரே பேச்சுதான், வழியனுப்பியது.

வேலை அவனுக்குக் கிடைத்தது. காக்கிச் சட்டையும் தோல்பையும் விசிலுமாக அவன் ஊருக்குள் வந்து இறங்கிய அன்றைக்கு சொரிமுத்து கதவைச் சாத்திக்கொண்டார். சேர்ந்து போகலாம் என்றுதான் கேட்டேன், வாய் தவறிவிட்டது என்று அக்காளிடம் அவன் சொல்லி அனுப்பினான். வாய் தவறுகிறவன் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதானே என்று இவர் சொல்லி அனுப்பினார். அதோடு பேச்சு நின்றது.

சொரிமுத்துவுக்குக் கிடைத்தது பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. தண்ணீர் குடிக்கத் திரும்பினவன் தண்ணீர் திறக்கப் போனான் என்று ஊர் சொல்லிச் சிரித்தது, அதையும் அவர் மறக்கவில்லை. ஒரு ஆள் உயரத்துக்கு இரும்புச் சாவி, மேலே குறுக்குக் கம்பி. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருமுனைக்குத் தெருமுனை போய், குழிக்குள் விட்டுத் திருகி, இந்தத் தெருவை மூடி அந்தத் தெருவைத் திறக்க வேண்டும். சாவி உரசி உரசி இடது தோளில் சட்டை கிழிந்துகொண்டே வந்ததால், உச்சிமாகாளி ஒவ்வொரு சட்டையிலும் அந்த இடத்தில் சாக்குத் துண்டை மடித்து வைத்து, மேலே கெட்டித் துணி வைத்து, பச்சை நூலால் ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். பச்சை நூல் ஏன் என்றால் அவளிடம் அதுதான் மிச்சம் இருந்தது.

குழியைத் திறந்த பிறகு சாவியின் மேல்முனையைக் காதில் வைத்துக் கேட்பார். பூமிக்குள் தண்ணீர் நடந்து போகும். வளைவில் தயங்கும், மேட்டில் மூச்சு வாங்கும், கடைசியில் தெருக்கோடி வீட்டுக் குழாய் இரண்டு தரம் இருமும். அந்த இருமலைக் கேட்காமல் அவர் இடத்தை விட்டு நகர்ந்தது கிடையாது. வேலை மேல் இருந்த ஆசையினால் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அப்படிச் சொன்னவர்களோடு அவர் சண்டைக்கே போயிருக்கிறார். கடைசி வீடு அணஞ்சபெருமாளின் வீடு. பகையை வைத்துத் தண்ணீரைக் குறைத்தான் என்று ஒரு நாக்கு சொல்லிவிடக் கூடாது, அதற்காகத்தான் கேட்டார். அப்படியிருந்தும் நாக்குகள் சொல்லத்தான் செய்தன.

அணஞ்சபெருமாள் கண்டக்டராக வருகிற பஸ்ஸில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. நிறுத்தத்தில் இவரைப் பார்த்தால் அவன் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நிற்பான், இவர் புளியமரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார், உள்ளே இருக்கிற சனம் வேர்த்து வடிந்து இருவரையும் திட்டும், பிறகு பஸ் போய்விடும், இவர் வெயிலில் நடப்பார். காத்து நிற்பதும் ஏளனம்தான் என்பது சொரிமுத்துவின் கணக்கு. இப்படியே இருவருக்கும் மீசை நரைத்து, இருவரையும் வேலை வீட்டுக்கு அனுப்பியது. சாவி வேறு ஒரு ஆளின் தோளுக்குப் போனது, விசில் வேறு ஒரு வாய்க்குப் போனது, மனத்தாங்கல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்படி இருக்கையில், கோயிலில் பங்குனிக் கொடை முடிந்து பந்தல் பிரித்த மறுநாள், நத்தம்பாறையின் கொடிகளில் யாரும் துவைக்காத துணிகள் காய்ந்தன.

கூட்டுறவு வங்கிக் காசாளர் வீட்டுக் கொடியில் ஜரிகைத் துண்டு ஒன்றும், தவில் வாசிக்கிறவர்கள் விரலில் மாட்டுகிற கூடுகள் வரிசையாகக் கிளிப் போட்டும் தொங்கின. தலைமையாசிரியர் வீட்டில் டீசல் வாடை அடிக்கிற லாரி டிரைவர் லுங்கி. பூசாரி வீட்டில் போலீஸ் தொப்பி. தெருக்கூட்டுகிற செண்பகவடிவு தன் குடிசைக்கு முன்னால் இரண்டு வேம்புக்கு நடுவே கட்டியிருந்த கயிற்றில், வக்கீல்கள் போடுகிற கறுப்பு அங்கியும் கழுத்துக்கு வெள்ளைப் பட்டையும். காற்று அடித்துக்கொண்டு வந்திருக்கும் என்றார்கள், வெளுக்கிறவர் வீடு மாற்றிப் போட்டிருப்பார் என்றார்கள். போட்டுப் பார்த்தபோது தோளும் கையும் இடுப்பும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின, அந்த உடுப்புக்குரிய வேலையைப் பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருந்ததுபோல் உடம்பு தானாக நின்றது. அதற்குப் பிறகு ஊருக்குப் புரிந்துபோயிற்று, இன்னாருக்கு இன்ன சோலி என்று கொடி சொல்கிறது. இதை அனுப்புவது யார் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். பக்கத்து வீட்டுக்கு என்ன வந்தது என்று கேட்டவர்கள் மீதிப் பேர்.

எல்லாருக்கும் ஒரே நாளில் வரவில்லை. வந்தவர்கள் மடித்து வைத்தார்கள், வராதவர்கள் விடியும் முன்னே எழுந்து கொடியைப் பார்த்தார்கள். கடைகளில் கயிறு தீர்ந்தது. பெண் கேட்டு வருகிறவர்கள் சாதகத்தைச் சுருட்டி வைத்துவிட்டு மாப்பிள்ளைக்குக் கொடியில் என்ன என்று கேட்டார்கள். ஒருவர் பட்டணத்துக்குப் போய் டாக்டர் கோட்டு வாங்கி வந்து மகன் பெயரில் தொங்கவிட்டார், அது கிளிப்போடு கழன்று சாணியில் விழுந்தது. இன்னொருவர் அடுத்த வீட்டுக் கோட்டைத் திருடிப் போட்டார், கை முழங்கையோடு நின்றுவிட்டது. இஸ்திரி போடுகிற சப்பாணிமுத்துவுக்குத்தான் தாங்க முடியாத சோலி. போலீஸ் தொப்பியை எப்படித் தேய்க்க என்று பூசாரியிடமே கேட்டார்.

“தொப்பியை எதுக்கு வே தேய்க்கேரு? நான் அதைப் போடவா போறேன்?” என்றார் பூசாரி.

“போடாதவரு எதுக்கு, சாமி, கண்ணாடி முன்னால நின்னு சல்யூட் அடிச்சிய? உங்க வீட்டு மைனிதான் சொன்னாங்க.”

பெரிய வேலையில் இருந்தவர்கள் எல்லாம் கொடி பொய் சொல்கிறது என்றார்கள். சின்ன வேலையில் இருந்தவர்கள் பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். படித்துவிட்டுப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்த பையன்களுக்குக் கப்பல்காரர் வெள்ளையும், கம்பெனி கோட்டும், கழுத்துப் பட்டையுமாக வந்து இறங்கின. துணி வந்ததே தவிர வேலையை யார் தருவது? முன்னே வேலை இல்லாமல் லுங்கியோடு உட்கார்ந்திருந்தவர்கள் இப்போது வேலை இல்லாமல் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் இத்தனை வீடு இருக்க, ஒரு பெண்பிள்ளையின் பங்குக்கும் அடுப்படிக்கான துணி வரவில்லை. ஆண்கள் இதை ஆச்சரியமாகப் பேசிக்கொண்டார்கள். பெண்கள் பேசிக்கொள்ளவில்லை.

கடைசியில் பேரூராட்சியில் கூட்டம் போட்டு, ஊர் மானம் போகிறது, இனிமேல் தெருவைப் பார்த்து யாரும் துணி காயப்போடக் கூடாது, மாடியில்தான் போட வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வந்தார்கள். செண்பகவடிவு கூட்டிக்கொண்டிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சேலைக்கு மேல் கறுப்பு அங்கியோடு உள்ளே வந்தாள்.

“மாடிக்குக் கொண்டு போன்னு சொல்லுதிய. மாடி இல்லாதவன் எங்க கொண்டு போவான்? ஈரத்தோட இடுப்பிலயே கட்டிக்கிடணுமா? மானம் போகுதுங்கியளே, யாரு மானம்? எனக்கு வந்திருக்கதைப் பாத்தா எனக்கு மானம் கூடியில்ல இருக்கு.”

பதில் சொல்ல எழுந்தவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார்கள், தீர்மானம் விழுந்தது. மறுநாள் காலையிலும் அவள் அதே தெருவைத்தான் கூட்டினாள், அங்கியின் ஓரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு. வாதாடி ஜெயித்தவளை மறுபடி குப்பை அள்ள விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஊர் அது. சொரிமுத்து அந்த ஊரைத் திட்டினார். திட்டிக்கொண்டே அவர் தன் கொடியைப் பார்த்தார்.

அவர் கொடியில் அவருக்கு ஒன்றும் வரவில்லை. உச்சிமாகாளிக்கு முதல் வாரத்திலேயே வந்துவிட்டது, புடவைக்கு மேல் போட்டுக்கொள்கிற நீலச் சட்டை, உள்பக்கம் ஆழமான பை, கூடவே தலையில் மூட்டை வைக்கிற சும்மாடு. ஊர் ஊராகச் சந்தைக்குப் போய்க் கடை விரிக்கிறவர்கள் உடுப்பு. உச்சிமாகாளி அந்தப் பைக்குள் கையை விட்டு ஆழம் பார்த்தாள். பிறகு மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். சொரிமுத்து அதைச் சரியாகப் பார்க்கவில்லை. அவர் காக்கியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

காக்கி வந்தால் போதும். மறுபடி வேலை கொடுக்க யாரும் வரப்போவதில்லை, அது அவருக்குத் தெரியும். ஆனாலும் ஊரறிய, வெயிலறிய, அந்தக் காக்கிச் சட்டை அவர் வாசலில் ஒரு பகல் காய்ந்தால், அது அவருடைய வேலை, அவரிடமிருந்து பிடுங்கப்பட்ட வேலை என்பது ருசுவாகிவிடும். சாவதற்குள் கண்டிப்பாக அது வேண்டும். அதே காக்கி தெருக்கோடியில் அணஞ்சபெருமாள் கொடியில் வந்து தொங்கிவிட்டால், இத்தனை வருசமாக அவர் தூக்கிச் சுமந்தது வெறும் காற்று என்று ஆகிவிடும். சொரிமுத்து பழைய கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புதுக் கயிறு கட்டினார். தினம் சவரம் செய்துகொண்டார்.

முதலில் அணஞ்சபெருமாள் வீட்டில்தான் வந்தது. செண்பகவடிவு ஓடி வந்து சொன்னாள். பேச்சு நின்ற பிறகு சொரிமுத்து தெருக்கோடிப் பக்கம் தன் காலால் நடந்து போனது அன்றைக்குத்தான். கொடியில் தொங்கியது காக்கி இல்லை. மஞ்சளும் எண்ணெயும் ஏறிய முண்டா பனியனும், தோளில் போடுகிற முரட்டுத் துண்டும். கல்யாண வீட்டில் கோட்டை அடுப்புக்குப் பக்கத்தில் கரண்டியோடு நிற்கிற தவசுப்பிள்ளையின் உடுப்பு. ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தலில் உட்காராமல், கொதிக்கிற சாம்பார் பக்கத்திலேயே அவன் நின்றுகொண்டிருந்தது எல்லாருக்கும் அப்போதுதான் நினைவு வந்தது.

சொரிமுத்து அன்று முழுக்கத் தெருவில் நின்றார். “பாத்தியளா? அவனுக்குக் கரண்டி. காக்கி அவனுக்கு இல்ல. அப்ப யாருக்கு? சொல்லுங்க, யாருக்கு?” என்று வந்தவர் போனவர் எல்லாரையும் பிடித்துக் கேட்டார். பூசாரி, “சொரிமுத்து, வரட்டும் வே, வந்த பொறவு பேசுவோம்” என்றார். வந்த பிறகு பேசுவதற்குத்தான் இத்தனை வருசம் இருந்தேன் என்றார் சொரிமுத்து. விடிந்ததும் எல்லாரும் வாசலுக்கு வர வேண்டும், சாட்சிக்கு நிற்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லியும் வைத்தார்.

எல்லாரும் வந்தார்கள். செண்பகவடிவு அங்கியோடு வந்தாள், பூசாரி தொப்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தார், சப்பாணிமுத்து இஸ்திரிப் பெட்டியில் கரியைக்கூடப் போடாமல் வந்தார். வெயில் வேப்பமரத்தைத் தாண்டி இறங்கியபோது புதுக் கயிற்றில் ஒரு சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வெளிறிப்போன சாம்பல் நிறச் சட்டை. இடது தோளில் சாக்கு வைத்துத் தைத்த ஒட்டு. பச்சை நூல்.

சொரிமுத்து கயிற்றடிக்குப் போய்ச் சட்டையைப் பிடித்துப் பார்த்தார்.

“இது என் பழைய சட்டை” என்றார் சொரிமுத்து. “ஏட்டி உச்சி, எதுக்குட்டி இதைத் துவைச்சுப் போட்டே?”

“உங்க பழைய சட்டை எல்லாம் அடுப்படிக் கைப்பிடித் துணியாப் போயி, அதுவும் கிழிஞ்சு குப்பைக்குப் போயிட்டு. ஒண்ணும் மிச்சம் இல்ல” என்றாள் உச்சிமாகாளி. கிட்டே போய் ஒட்டைத் தடவிப் பார்த்தாள். “தையல் என் தையல் மாதிரிதான் இருக்கு. ஆனா நான் தைக்கல. நான் இவ்வளவு நெருக்கமாத் தைக்க மாட்டேன்.”

அவர் போட்டுப் பார்க்க மாட்டேன் என்றார். ஊர் விடவில்லை, சாட்சிக்குக் கூப்பிட்டவர் காட்டித்தான் ஆக வேண்டும் என்றது. போட்டார். பொருந்தியது. இடது தோள் தானாகச் சாய்ந்து இல்லாத சாவிக்கு இடம் கொடுத்தது, தலை தானாகச் சரிந்து காது தரையைப் பார்த்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கெடுதி இல்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள், சிரித்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அணஞ்சபெருமாள் வந்தான். மஞ்சள் பனியன், தோளில் துண்டு. இத்தனை வருசத்துக்குப் பிறகு அந்த வாசலுக்கு முதல் தடவை.

“அத்தான்.”

“உச்சி, உன் தம்பிகிட்டச் சொல்லு. வந்தது போதும், அங்கனயே நிக்கட்டும்.”

“நேராவே சொல்லிக்கிடுங்க. எனக்கு அடுப்புல இட்லி வேகுது” என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

அணஞ்சபெருமாள் சட்டையை மேலும் கீழும் பார்த்தான். வேடிக்கையாகப் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்திருப்பான். “நான் எங்கன்னு கேட்டதாலதானே அத்தான் திரும்புனிய. திரும்புனதாலதானே இந்தச் சோலி கிடைச்சுது. இதுதான் உங்க சோலின்னு கொடியே சொல்லுது. நியாயமாப் பாத்தா நீங்கதான் எனக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடுக்கணும்.”

ஊர் மறுபடி சிரித்தது. சொரிமுத்து சிரிப்பு ஓய்கிற வரை நின்றார். அவர் முகம் கறுத்திருந்தது, குரல் உயரவில்லை.

“சரிடே. இதுதான் என் சோலி. கொடி சொல்லுது, நான் மறுக்கல. அப்ப நான் ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லு. இது என் சோலின்னு தெரிஞ்சிருந்தா நான் எப்படிப் பாத்திருப்பேன்? சாவியைக் காதுல வச்சா தண்ணி நடந்து போற சத்தம் கேக்கும். மேட்டுல மூச்சு வாங்கும். உன் வீட்டுக் குழாய் ரெண்டு தரம் இருமும். அதைக் கேட்டு நான் ஒரு நாளாவது சிரிச்சிருக்கேனா? பொம்பளைய குடத்தோட நிப்பாளுவ, என்னைக் கண்டதும் அந்த மூஞ்சியெல்லாம் தெளியும். ஒரு மூஞ்சியையாவது நிமிந்து பாத்தேனா? அடுத்தவன் எலையில உக்காந்துட்டவன் மாதிரி குனிஞ்ச தலை நிமிராமத் தின்னுட்டு எந்திரிச்சேன். எலை என் எலை. சோறு என் சோறு. ருசி எங்கடே? நீ கேட்ட அந்த ஒரு கேள்வியில, இது என்னுது இல்லன்னு நெனச்சு நெனச்சே என் நாக்கு செத்துப் போச்சு. வேலையை நீ எடுக்கல, சரி. ருசியை எடுத்துட்டே. அதைக் குடு.”

செண்பகவடிவு அங்கியைச் சரிசெய்துகொண்டு, “கேள்வி நியாயமான கேள்வி” என்றாள்.

அணஞ்சபெருமாள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். “எனக்கும்தான் அத்தான் போச்சு. நான் நின்னுட்டே தின்னேன். உங்க எலைன்னு நெனச்சுத்தான் தின்னேன். உங்களைக் கண்டா பஸ்ஸை நிறுத்தி நிறுத்திப் பாத்தேன், ஏறுவியளான்னு. எனக்கு யாரு தருவா?”

“அது உன் பாடு. உனக்குத் தர வேண்டியவனைப் போய்ப் பிடி. எனக்கு நீ தரணும்.”

“எப்படி அத்தான் தர?”

“தர வேண்டியவன் யோசிக்கணும். வாங்க வேண்டியவனா யோசிப்பான்?”

அன்று மத்தியானம் அக்காள் கையில் ஒரு தூக்குவாளி அவியல் வந்தது. சொரிமுத்து சாப்பிட்டார். உப்பு சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். இது பாக்கியில் கழியாது என்று சொல்லி வாளியைத் திருப்பி அனுப்பினார். அதற்கப்புறம் குழம்பு வந்தது, பாயசம் வந்தது, புளிக்காய்ச்சல் வந்தது. ஊரிலேயே நல்ல சமையல் அந்தத் தெருக்கோடியில்தான் என்று கல்யாண வீட்டுக்காரர்கள் அவனைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அதற்கும், தனக்குச் சமைத்து அனுப்பியே அவன் கை பழகிக்கொண்டதுதான் காரணம் என்று சொரிமுத்து தனியாக ஒரு குறை வைத்துக்கொண்டார். சட்டையை மட்டும் கழற்றவில்லை. காலையில் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, புது ஆள் தெருமுனையில் குழி திறக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். சரியாகத் திருகத் தெரியவில்லை, அவசரப்படுகிறான் என்று யாரும் கேட்காமலே சொல்வார்.

ஒரு வியாழக்கிழமை அப்படி உட்கார்ந்திருந்தபோது, உள்ளேயிருந்து உச்சிமாகாளி வந்தாள். புடவைக்கு மேல் நீலச் சட்டை. தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் மூட்டை. பாவாடையும் சிறுபிள்ளைச் சட்டையுமாக அவள் எப்போது தைத்தாள், எங்கே வைத்திருந்தாள் என்று அவருக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே தவிர வேறெங்கும் நடந்திராதவள், வலது காலை எடுத்து வைத்து வாசலில் இறங்கினாள். புளியமரத்துக்கு அந்தப் பக்கம் முதல் பஸ் வருகிற சத்தம் கேட்டது.

“எங்கட்டி போறே?” என்றார் சொரிமுத்து.

வாயை விட்டு இறங்கிய பிறகுதான் அது என்ன கேள்வி என்று அவருக்கே தெரிந்தது. தெரு அப்படியே நின்றது. குடத்தோடு நின்ற பெண்கள் குடத்தைக் கீழே வைத்தார்கள். சப்பாணிமுத்து இஸ்திரிப் பெட்டியைத் துணியின் மேல் வைத்த கையோடு மறந்தார், துணி கருகியது. தெருக்கோடிக் குழாயடியில் அண்டாவோடு உட்கார்ந்திருந்த அணஞ்சபெருமாள் மெதுவாக எழுந்து நின்றான். செண்பகவடிவுதான் முதலில் அசைந்தாள், யார் வீட்டிலிருந்தோ ஒரு சொம்புத் தண்ணீரை வாங்கி ஓடி வந்து நீட்டினாள். “உள்ள வந்து ஒரு நிமிசம் உக்காந்து, ரெண்டு வாய் குடிச்சிட்டுப் போங்க மைனி. சந்தைக் காரியம்.”

உச்சிமாகாளி சொம்பைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். பஸ் புளியமரத்தடிக்கு வந்துவிட்டது.

“வந்து குடிச்சுக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மூட்டை ஆடாமல், வேகம் கூட்டாமல், ஒருமுறையும் திரும்பாமல் நடந்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டான். புதுக் கண்டக்டர் கீழே இறங்கி மூட்டையை வாங்கினான். பஸ் வளைவில் மறைந்த பிறகும் அந்தத் தெருவில் இடி விழவில்லை, மாடு சாகவில்லை, ஒன்றும் ஆகவில்லை.

சொரிமுத்து நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். அணஞ்சபெருமாள் தெருக்கோடியிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சொல்லாததெல்லாம் சொரிமுத்துவுக்கு நன்றாகக் கேட்டது.

“என்னலே பாக்கே?” என்றார். “அவ போயிட்டா. சரி. அவ சங்கதி வேற. அதனால நீ கேட்டது கேக்கலைன்னு ஆயிராது.”

“ஆகாது அத்தான்.”

“பாக்கி நிக்கி.”

“நிக்கட்டும் அத்தான்.”

அப்போது தெருமுனையில் புது ஆள் சாவியைத் திருகினான். சொரிமுத்துவின் தோள் சாய்ந்தது, காது சரிந்தது. காலுக்குக் கீழே தண்ணீர் கிளம்பி, வளைவில் தயங்கி, மேட்டில் மூச்சு வாங்கி, வீடு வீடாகக் கடந்து போய், அணஞ்சபெருமாளின் குழாயில் இரண்டு தரம் இருமியது. சொரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. உதடுவரை வந்துவிட்டது. அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதால் அதைப் பல்லைக் கடித்து விழுங்கினார். விழுங்கிய அந்தச் சிரிப்பையும் அவன் பேரிலேயே ஏற்றிக்கொண்டார்.